எழுத்துப்பிழையும் குடற்கட்டியும்

புற்றுநோய் பரம்பரையாக வருமா என்று மருத்துவரிடம் கேட்டால், பெரும்பாலும் வராது என்பார். அது உண்மைதான். பெரும்பாலான புற்றுநோய்கள் வயதான காலத்தில், அந்தந்த உடலிலேயே புதிதாகத் தோன்றுபவை. ஆனால் சில குடும்பங்களின் கதை அப்படி இல்லை. தாத்தா நாற்பத்தைந்து வயதில் குடல் கட்டியால் இறந்திருப்பார். அத்தை ஐம்பதைத் தாண்டுமுன் கருப்பைப் புற்றால் போயிருப்பார். இப்போது அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ பெருங்குடலில் கட்டி என்று அறிக்கை வந்திருக்கும். சொந்தக்காரர்களில் சிலர் சாபம் என்பார்கள், சிலர் சாப்பாட்டைக் குறை சொல்வார்கள். அதே வீட்டில் அதே சோற்றைத் தின்ற மருமகள்களுக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு மட்டும் விடை இருக்காது.

இந்தப் புதிரை அவிழ்க்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. விடையின் ஒரு பாதி மருத்துவமனையில் கிடைத்தது. மறு பாதி, புற்றுநோயைப் பற்றி நினைத்தே பார்க்காமல் பாக்டீரியாவையும் ஈஸ்ட்டையும் வளர்த்துக்கொண்டிருந்தவர்களிடம் கிடைத்தது.

ஒரு தையற்காரப் பெண்ணின் கணிப்பு

1895-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நோயியல் மருத்துவர் ஆல்ட்ரெட் ஸ்காட் வார்த்தின், தன் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண் ஒருவர் மனம் சோர்ந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். என் குடும்பத்தில் எல்லோரும் குடல், வயிறு, கருப்பைப் புற்றால்தான் செத்தார்கள், நானும் இளவயதிலேயே அப்படித்தான் போவேன் என்றார் அந்தப் பெண். அவர் சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயால் இளம் வயதில் இறந்தார். வார்த்தின் அதை மறக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை ஆண்டுக்கணக்கில் சேகரித்து 1913-இல் வெளியிட்டார். ஜெர்மனியிலிருந்து குடியேறிய அந்தக் குடும்பம் மருத்துவ நூல்களில் ‘ஜி குடும்பம்’ என்று பெயர் பெற்றது.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1962-இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹா நகரில் பயிற்சி மருத்துவராக இருந்த ஹென்றி லிஞ்ச், குடிக்கு அடிமையான ஒரு நோயாளியைச் சந்தித்தார். ஏன் இப்படிக் குடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எப்படியும் எங்கள் குடும்பத்து ஆட்களைப் போலப் புற்றுநோயில் சாகத்தானே போகிறேன் என்றார் அவர். லிஞ்ச் வீடு வீடாகச் சென்று உறவினர்களைத் தேடி, மருத்துவமனைப் பதிவேடுகளையும் இறப்புச் சான்றிதழ்களையும் திரட்டினார். 1966-இல் இரண்டு பெரிய குடும்பங்களின் வரலாற்றை வெளியிட்டார். 1971-இல் வார்த்தினின் ‘ஜி குடும்பத்தை’ மீண்டும் தேடிப் பிடித்து, 650-க்கும் மேற்பட்ட இரத்த உறவினர்களைப் பட்டியலிட்டார்.

அந்த வம்சாவளிப் படங்களில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. நோய் ஆண், பெண் இருபாலாருக்கும் வந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வந்தது. ஒரு தலைமுறையில் தப்பிய கிளையில் பிறகு தலைகாட்டவில்லை. ஒற்றை மரபணு ஒன்று தலைமுறைகளாகக் கைமாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். ஆனாலும் அன்றைய ஆய்வுலகம் நம்பவில்லை. புற்றுநோய்க்குக் காரணம் புகையும் வேதிப்பொருளும் கிருமியும்தான் என்று கருதப்பட்ட காலம் அது. லிஞ்ச் கேட்ட ஆராய்ச்சி நிதி மறுக்கப்பட்டது. இன்று அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது: லிஞ்ச் நோய்க்குறித்தொகுதி. ஏறக்குறைய 300 பேரில் ஒருவர் இதற்கான மரபணுப் பிறழ்வைச் சுமக்கிறார் என்று இன்றைய கணக்குகள் சொல்கின்றன. அப்படியானால் இது அபூர்வ நோயல்ல.

600 கோடி எழுத்துகளின் படி

அந்த மரபணு எது, என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள, முதலில் குடலுக்குள் போக வேண்டும். பெருங்குடலின் உட்சுவர் முழுவதும் நுண்ணிய குழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில குருத்தணுக்கள் ஓயாமல் பிரிந்து புதிய உயிரணுக்களை மேலே அனுப்புகின்றன. அவை நான்கைந்து நாளில் மேலே வந்து, தேய்ந்து, உதிர்ந்துவிடுகின்றன. நம் உடலில் இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்கள் மிகக் குறைவு.

ஓர் உயிரணு இரண்டாகும்போதெல்லாம் அதன் டி.என்.ஏ. முழுவதும் படியெடுக்கப்பட வேண்டும். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட அந்தப் பனுவலில், தாய்வழியும் தந்தைவழியும் சேர்த்து 600 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துச் சோடிகள் உண்டு. டி.என்.ஏ. இரு புரிகள் கொண்ட கயிறு. ஏ எதிரில் டி, ஜி எதிரில் சி என்பது அதன் சோடி விதி. படியெடுக்கும்போது இரு புரிகளும் பிரிய, ஒவ்வொரு பழைய புரிக்கும் எதிரில் ஒரு புதிய புரி கட்டப்படுகிறது. கட்டும் நொதிக்கு பாலிமரேஸ் என்று பெயர்.

பழைய சுவடி ஒன்றைப் பார்த்துப் புது ஓலையில் படியெடுக்கும் ஒருவரைப் போல இந்த நொதியை எண்ணிக்கொள்ளலாம். எவ்வளவு தேர்ந்த கையானாலும் எழுத்து மாறிப் போகும். பாலிமரேஸ் ஏறக்குறைய லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை செய்கிறது. அந்தக் கணக்கில் ஒரு முறை படியெடுத்தாலே 60,000 பிழைகள் சேரும். ஆனால் படியெடுப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் கீறியவுடன் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். தவறென்றால் அதை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி எழுதுகிறார். பாலிமரேஸுக்கும் இந்தத் திறன் உண்டு. இந்த முதல் சரிபார்ப்பில் பிழைகள் நூறில் ஒன்றாகக் குறைந்து, சில நூறு மட்டும் மிஞ்சுகின்றன.

எழுத்து மாறுவதைவிட ஆபத்தான இன்னொரு பிழை உண்டு. மூலத்தில் ‘ககககககககக’ என்று ஒரே எழுத்து பத்து முறை தொடர்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். படியெடுப்பவரின் கண் தடுமாறி ஒன்பதோ பதினொன்றோ எழுதிவிடுவார். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே சரியாக இருப்பதால் கடைசி எழுத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தவறு தெரியாது. டி.என்.ஏ.விலும் ஏ-க்கள் வரிசையாக நிற்கும் இடங்களும், ‘சிஏசிஏசிஏ’ என்று ஒரே சோடி திரும்பத் திரும்ப வரும் இடங்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கே பாலிமரேஸ் வழுக்குகிறது. ஒரு எழுத்து சிறு வளையமாகப் பிதுங்கி நிற்க, நொதி அதைக் கடந்து போய்விடுகிறது. இத்தகைய இடங்களை விஞ்ஞானிகள் மைக்ரோசாட்டிலைட் என்கிறார்கள். நாம் நுண்தொடர்கள் எனலாம்.

ஆகவே, எழுதியவர் நகர்ந்த பிறகு ஏட்டை மூலத்தோடு ஒப்புநோக்கும் இரண்டாவது ஆள் வேண்டும். உயிரணுவில் அந்த வேலையைச் செய்பவைதான் பொருத்தப்பிழை திருத்தும் புரதங்கள். மருத்துவ அறிக்கைகளில் ‘எம்.எம்.ஆர்.’ என்று வருவது இவற்றைத்தான். இவை வேலை முடித்த பிறகு 600 கோடி எழுத்துகளில் மிஞ்சுவது ஓரிரு பிழைகளே.

ஒப்புநோக்குபவருக்கு ஒரு சிக்கல் உண்டு. இரண்டு ஏடுகளும் வேறுபடுகின்றன என்று மட்டும் தெரிந்தால் போதாது. எது மூலம், எது படி என்று தெரிய வேண்டும். தெரியாமல் மூலத்தைத் திருத்திவிட்டால் பிழையே நிலைத்துவிடும். ஓலைச்சுவடியில் இதற்கு எளிய அடையாளம் ஒன்று இருந்தது. எழுத்தாணியால் ஓலையில் கீறிய பிறகுதான் கரியும் இலைச்சாறும் கலந்து மை பூசுவார்கள். மை ஏறாத ஓலை என்றால் அது புதியது. பாக்டீரியாவும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கிறது என்று 1970-களில் ஓர் ஊகம் எழுந்தது.

பாக்டீரியாவில் கிடைத்த துப்பு

ஈ.கோலை பாக்டீரியா தன் டி.என்.ஏ.வில் ‘ஜிஏடிசி’ என்ற வரிசை வரும் இடங்களில் மீத்தைல் என்னும் சிறு வேதித் துணுக்கை ஒட்டிவைக்கிறது. புதிதாகக் கட்டப்பட்ட புரியில் இது ஏறச் சற்று நேரமாகும். அந்த இடைவெளியில், மீத்தைல் இல்லாத புரியே புதியது என்று கண்டு அதைத் திருத்தலாம். ராபர்ட் வாக்னரும் மாத்யூ மெசல்சனும் 1976-இல் இப்படி ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அதைச் சோதனைக்குழாயில் மெய்ப்பித்தவர் டியூக் பல்கலைக்கழகத்தின் பால் மாட்ரிச்.

அவர் கையாண்ட உத்தி எளிமையானது. ‘ஜிஏஏடிடிசி’ என்ற ஆறெழுத்தைக் கண்டால் அந்த இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் நொதி ஒன்று உண்டு. ஓரெழுத்து பிசகினாலும் அது வெட்டாது. மாட்ரிச் குழுவினர் வட்டமான ஒரு டி.என்.ஏ.வை எடுத்து, அந்த ஆறெழுத்துக்குள்ளேயே வேண்டுமென்று ஒரு பொருத்தப்பிழையை வைத்தார்கள். அதைப் பாக்டீரியாவிலிருந்து பிழிந்த சாற்றில் ஊறவைத்தார்கள். பிறகு வெட்டும் நொதியைச் சேர்த்தார்கள். டி.என்.ஏ. வெட்டுப்பட்டால் சாறு பிழையைத் திருத்திவிட்டது என்று பொருள். வெட்டுப்படாவிட்டால் திருத்தவில்லை. கண்ணால் காணமுடியாத ஒரு திருத்தத்தை இப்படி ஆம், இல்லை என்று விடை சொல்ல வைத்தார்கள். பிறகு சாற்றிலிருந்த புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, 1989-இல் தூய புரதங்களை மட்டுமே கலந்து முழுத் திருத்தத்தையும் குழாய்க்குள் நிகழ்த்திக் காட்டினார்கள்.

மியூட்-எஸ் என்ற புரதம் பிழையைக் கண்டுபிடிக்கிறது. மியூட்-எல் அதனோடு சேர்ந்து செய்தியைக் கடத்துகிறது. மியூட்-எச் மீத்தைல் ஏறாத புரியை வெட்டுகிறது. வெட்டிலிருந்து பிழை வரையுள்ள நீளம் முழுவதும் அழிக்கப்பட்டு, பாலிமரேஸ் புதிதாக எழுதுகிறது. இந்தப் பணிக்காக மாட்ரிச் 2015-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைத் தோமஸ் லிண்டால், அஸீஸ் சன்ஜார் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். மற்ற இருவரும் டி.என்.ஏ. சீரமைப்பின் வேறு வழிகளைக் கண்டவர்கள்.

மனித உயிரணுவிலும் இதே ஏற்பாடுதான், சற்று மாறுதலோடு. பிழையைக் கண்டுபிடிப்பது எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற இரு புரதங்களின் சோடி. அது டி.என்.ஏ.வைக் கவ்விப் பிடித்து, பிழையுள்ள இடத்தில் அதை வளைத்துப் பார்க்கிறது. அது அழைத்தவுடன் வருவது எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 என்ற இன்னொரு சோடி. இதில் பி.எம்.எஸ்.2 புதிய புரியை வெட்டுகிறது. நம்மிடம் மீத்தைல் அடையாளம் இந்த வேலைக்குப் பயன்படுவதில்லை. புதிய புரியில் மூடப்படாமல் இருக்கும் கீறல்களும், பாலிமரேஸைப் பிடித்துநிறுத்தும் வளையப் புரதம் எந்தத் திசை நோக்கி நிற்கிறது என்பதும் எது புதியது என்று காட்டுகின்றன. இந்த நான்கு புரதங்களின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் ஒரு மருத்துவ அறிக்கையில் அவை மீண்டும் வரும்.

1993: இரண்டு பாதைகள் சேர்ந்த ஆண்டு

லிஞ்ச் திரட்டியவை போன்ற குடும்பங்களின் இரத்தத்தைக் கொண்டு, குறையுள்ள மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று தேடும் பணி 1990-களின் தொடக்கத்தில் மும்முரமாக நடந்தது. பின்லாந்தின் ஆல்பர்ட் டி லா ஷாப்பெல், அமெரிக்காவின் பெர்ட் வோகல்ஸ்டைன் ஆகியோரின் குழுக்கள் 1993 மே மாதத்தில், அது 2-ஆவது குரோமோசோமில் இருப்பதாக அறிவித்தன.

அப்போது எல்லோரும் எதிர்பார்த்தது இதுதான்: அந்த மரபணு உயிரணு வளர்ச்சிக்குக் கடிவாளமாக இருக்கும். ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாகியிருக்கும். கட்டியில் மற்றப் பிரதியும் அந்தத் துண்டோடு சேர்ந்து காணாமல் போயிருக்கும். இதைச் சரிபார்க்க, நோயாளியின் கட்டியில் அந்தப் பகுதியின் நுண்தொடர்களை எடுத்து நீளம் அளந்தார்கள். ஒவ்வொரு நீளமும் படத்தில் ஒரு பட்டையாகத் தெரியும். எதிர்பார்த்தபடி என்றால் கட்டியில் ஒரு பட்டை குறைந்திருக்க வேண்டும். ஆனால் படத்தில் பட்டைகள் குறையவில்லை, கூடியிருந்தன. நோயாளியின் இரத்தத்தில் இல்லாத புதுப்புது நீளங்கள் கட்டியில் தெரிந்தன. அந்த ஒரு இடத்தில் மட்டுமன்று, தேடிய இடமெல்லாம். அதே சமயத்தில் மேயோ மருத்துவமனையின் ஸ்டீபன் திபோதோவும், கலிபோர்னியாவில் மனுவேல் பெருச்சோவும் குடற்கட்டிகளில் இதே காட்சியைத் தனித்தனியாகக் கண்டார்கள். இதற்கு நுண்தொடர் நிலையின்மை என்று பெயர். அறிக்கைகளில் ‘எம்.எஸ்.ஐ.’ என்று வரும்.

இந்தப் படங்களைப் பார்த்ததும் துள்ளியவர்கள் பாக்டீரியாவையும் ஈஸ்ட்டையும் ஆராய்ந்தவர்கள். திருத்தும் புரதம் இல்லாத பாக்டீரியாவில் இப்படி நுண்தொடர்கள் நீள்வதும் சுருங்குவதும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதே ஆண்டு செப்டம்பரில் தாமஸ் பீட்டஸ் குழு, ஈஸ்ட்டில் திருத்த மரபணுக்களைச் செயலிழக்கச் செய்தால் நுண்தொடர்கள் நிலைகுலைவதைக் காட்டி, குடற்கட்டிகளிலும் இந்த மரபணுக்களைத் தேடலாம் என்றது. டிசம்பரில் இரண்டு குழுக்கள் போட்டி போட்டுக்கொண்டு 2-ஆவது குரோமோசோமில் எம்.எஸ்.எச்.2 மரபணுவைக் கண்டுபிடித்தன. பாக்டீரியாவின் மியூட்-எஸ்ஸுக்கு மனிதரிலுள்ள உறவு அது. 1994-இல் எம்.எல்.எச்.1 கிடைத்தது. மாட்ரிச் குழுவே இத்தகைய கட்டி உயிரணுக்களிலிருந்து சாறு எடுத்து, பழைய உத்தியால் சோதித்தது. பிழை திருத்தப்படவில்லை. அந்த உயிரணுக்களின் நுண்தொடர்கள் இயல்பைவிட நூறு மடங்குக்கும் அதிகமாகப் பிறழ்ந்தன. வார்த்தினின் ‘ஜி குடும்பத்திலும்’ குறை எம்.எஸ்.எச்.2 மரபணுவில்தான் என்பது பின்னர் உறுதியானது.

பிழை எப்படிக் கட்டியாகிறது?

லிஞ்ச் குடும்பத்தில் பிறந்தவருக்குத் திருத்த மரபணுவின் ஒரு பிரதிதான் பழுது. மற்றப் பிரதி வேலை செய்வதால் அவர் உடல் பல பத்தாண்டுகள் குறையின்றி இயங்கும். குடலின் ஏதோ ஒரு குருத்தணுவில் அந்த நல்ல பிரதியும் தற்செயலாகப் பழுதாகும் நாளில்தான் சிக்கல் தொடங்குகிறது. அன்று முதல் அந்த உயிரணுவின் வாரிசுகளில் பிழைகள் திருத்தப்படாமல் குவிகின்றன.

பெரும்பாலான பிழைகள் பொருளற்ற இடங்களில் விழுந்து தீங்கின்றிப் போகும். சில மரபணுக்களின் நடுவிலேயே நுண்தொடர்கள் உண்டு என்பதுதான் வினை. டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற வேதிச் செய்தி குடல் உயிரணுவிடம் ‘வளர்ந்தது போதும்’ என்று சொல்கிறது. அந்தச் செய்தியை வாங்கும் ஏற்பிப் புரதத்தின் மரபணுவில் பத்து ஏ-க்கள் வரிசையாக நிற்கின்றன. உயிரணு மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் படிப்பதால், பத்தில் ஒன்று விடுபட்டால் அதற்குப் பின்னுள்ள எல்லாமே உளறலாகிவிடும். ஏற்பி உருவாகாது. ‘போதும்’ என்ற சொல் உயிரணுவுக்குக் கேட்காது. நுண்தொடர் நிலையின்மை கொண்ட குடற்கட்டிகளில் பெரும்பாலானவற்றில் சரியாக இந்த இடம்தான் கெட்டிருக்கிறது என்று 1995-இல் தெரியவந்தது. பழுதான உயிரணுவைத் தற்கொலை செய்யவைக்கும் பாக்ஸ் என்ற புரதத்தின் மரபணுவில் எட்டு ஜி-க்கள் வரிசையாக உள்ளன. அதுவும் பல கட்டிகளில் கெடுகிறது. எம்.எஸ்.எச்.6 போன்ற திருத்த மரபணுக்களுக்குள்ளேயே இத்தகைய தொடர்கள் இருப்பதால், திருத்தம் மேலும் தளர்கிறது.

சாதாரணமாகக் குடலின் சிறு மொட்டு, அதாவது பாலிப், புற்றாக மாறப் பத்தாண்டு வரை ஆகும். லிஞ்ச் நோயில் அது ஓரிரு ஆண்டுகளிலேயே முடிந்துவிடலாம். எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 மரபணுக்களில் குறை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 75 வயதுக்குள் குடற்புற்று வருகிறது. மற்ற இரண்டில் குறை உள்ளவர்களுக்கு வாய்ப்பு கணிசமாகக் குறைவு. பெண்களுக்குக் கருப்பை உட்படலத்தில் புற்று வரும் அபாயமும் உண்டு. மரபணு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கும் ‘ஜி குடும்பமே’ சான்று. அதன் முன்னைய தலைமுறைகளில் இரைப்பைப் புற்று மிகுதி. பிந்தைய தலைமுறைகளில் அது குறைந்து குடற்புற்று மிகுந்தது. அமெரிக்காவில் பொதுமக்களிடமும் அதே காலத்தில் அதே மாற்றம்தான் நிகழ்ந்தது.

பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டில் இந்தத் திருத்தம் செயலிழந்திருக்கிறது. மொத்தப் பெருங்குடல் புற்றுநோய்களில் லிஞ்ச் குடும்பங்களைச் சேர்ந்தவை சுமார் 3 விழுக்காடுதான். மீதியில் பெரும்பாலானவை பரம்பரை சாராதவை. முதுமையில், எம்.எல்.எச்.1 மரபணுவின் முகப்பில் மீத்தைல் துணுக்குகள் ஒட்டி அதை வாயடைத்துவிடுவதால் வருபவை. பாக்டீரியாவில் திருத்தத்துக்கு வழிகாட்டிய அதே மீத்தைல் இங்கே திருத்தத்தையே நிறுத்துகிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதியே வந்து சேரும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு மூளை, இரத்தம், குடல் ஆகியவற்றில் சிறு வயதிலேயே புற்று வருகிறது. தோலில் பால்காப்பி நிறத் திட்டுகள் காணப்படும். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று நெருங்கிய உறவுக்குள் மணமுடிக்கும் சமூகங்களில் இது நேரும் வாய்ப்பு அதிகம். அந்த வழக்கம் நம்மிடையே இன்றும் இருப்பதால் இதைச் சொல்லாமல் கடக்க முடியாது.

கட்டியின் பலவீனம்

பிழைகள் மிகுந்த கட்டி மிகக் கொடியதாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் ஆரம்ப நிலையில் கண்டறிந்தால், இவ்வகைக் கட்டி உள்ளவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பிழைக்கிறார்கள். இக்கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் நோய் எதிர்க்கும் வெள்ளணுக்கள் உள்ளே மொய்த்திருக்கும். காரணம் அந்த எழுத்துப்பிழைகளே. வரிசை பிசகிய மரபணுக்களிலிருந்து, உடல் அதுவரை கண்டிராத புரதத் துண்டுகள் உருவாகின்றன. நோயெதிர்ப்பு மண்டலம் அவற்றை அந்நியமென்று அடையாளம் காண்கிறது. கட்டியோ, வெள்ளணுவின் மேலுள்ள பி.டி.-1 என்ற தடுப்பானை அழுத்தி அதைச் செயலற்றதாக்கிவிட்டு வளர்கிறது.

அந்த அழுத்தத்தை விடுவிக்கும் மருந்துகள் வந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய குடற்புற்று நோயாளிகளுக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து தரப்பட்டது. திருத்தம் செயலிழந்த 10 பேரில் 4 பேருக்குக் கட்டி சுருங்கியது. திருத்தம் சரியாக உள்ள 18 பேரில் ஒருவருக்கும் சுருங்கவில்லை. 2017 மே மாதத்தில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, எந்த உறுப்பில் தோன்றியதானாலும் திருத்தக் குறையுள்ள கட்டிக்கு அம்மருந்தைத் தரலாம் என்றது. உறுப்பைப் பார்க்காமல் மூலக்கூறு அடையாளத்தை மட்டும் பார்த்துப் புற்றுமருந்துக்கு ஒப்புதல் தந்தது அதுவே முதல் முறை. 2022-இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் இத்தகைய மலக்குடல் கட்டியுள்ள 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மட்டும் தந்த முடிவை வெளியிட்டது. 12 பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. அவர்களுக்கு அறுவையோ கதிர்வீச்சோ தேவைப்படவில்லை. ஆனால் எண்பத்தைந்து விழுக்காடு குடற்கட்டிகளில் திருத்தம் ஒழுங்காகவே நடப்பதால், எல்லோருக்கும் இந்த மருந்து பலிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

நான்கு சாயங்கள்

கட்டியில் திருத்தம் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பயாப்சியிலோ அறுவையிலோ எடுத்த திசுவை மெல்லிய சீவலாக்கி, எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 ஆகிய நான்கு புரதங்களுக்கும் தனித்தனியே சாயமேற்றுவார்கள். புரதம் இருந்தால் உட்கரு பழுப்பாகும். இல்லாவிட்டால் வெளிறித் தெரியும். பக்கத்திலுள்ள நல்ல உயிரணுக்கள் பழுப்பாக இருப்பதால் சாயம் சரியாக ஏறியதா என்பதும் அதே சீவலில் தெரிந்துவிடும். பெரிய மருத்துவமனைகளும் தனியார் ஆய்வகங்களும் நம் நாட்டிலேயே செய்யும் சோதனைதான் இது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-இல், பெருங்குடல் புற்று என்று தெரிந்த எல்லோருக்கும் வயது பாராமல் இதைச் செய்யச் சொன்னது.

எம்.எல்.எச்.1 இல்லை என்று வந்தால், அது முதுமையில் மீத்தைலால் வாயடைபட்டதா என்று மேலும் ஒரு சோதனை செய்து பார்ப்பார்கள். அப்படி இல்லையென்றாலோ, மற்றப் புரதங்கள் இல்லையென்றாலோ இரத்தத்தில் மரபணுச் சோதனை தேவை. அதில் பிறழ்வு உறுதியானால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் அதே ஒரு பிறழ்வுக்கு மட்டும் சோதித்துக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பிறழ்வு இல்லாதவர் நிம்மதியாக இருக்கலாம். அவர் பிள்ளைகளுக்கும் அவர் வழியாக இது வராது.

பிறழ்வு உள்ளவர்களும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பின்லாந்தில் லிஞ்ச் குடும்பத்தாரை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2000-இல் வெளியான ஆய்வில், மூன்றாண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி செய்துகொண்டவர்களிடம் குடற்புற்று 62 விழுக்காடு குறைந்திருந்தது. பாலிப்பை அங்கேயே வெட்டியெடுத்துவிடலாம் என்பதே காரணம். கட்டி வேகமாக வளர்வதால் இன்று ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை, எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 குறை உள்ளவர்களுக்கு 20-25 வயதிலிருந்தே செய்யச் சொல்கிறார்கள். பிரிட்டனின் ஜான் பர்ன் தலைமையில் 861 பேரிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 600 மில்லிகிராம் ஆஸ்பிரினைச் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடம், சில ஆண்டுகள் கழித்துக் குடற்புற்று குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. இரத்தக்கசிவு அபாயம் இருப்பதால் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் மூன்று தலைமுறைக்கு யார் யாருக்கு எந்த வயதில் எந்தப் புற்று வந்தது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். கருப்பையை எடுத்த பாட்டி, அத்தைமார்களை விட்டுவிடாதீர்கள். ஐம்பது வயதுக்குள் குடற்புற்றோ கருப்பை உட்படலப் புற்றோ வந்தவர் ஒருவர் இருந்தாலும் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் யாருக்காவது குடற்கட்டி என்று தெரிந்தால், வயது எதுவானாலும், நான்கு புரதச் சோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். அறிக்கையில் ஒரு புரதம் இல்லை என்று வந்தால், அந்தச் செய்தி நோயாளிக்கு மட்டும் உரியதன்று. அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் அனைவருக்கும் அது போய்ச் சேர வேண்டும்.